மெட்டீரியல்: சொல்லும் பொருளும்

ஜவுளிக்கடைப் பெட்டியின் மேல் 'சுடிதார் மெட்டீரியல்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். இத்தொடருக்கு இளம்பூரணர் முதலாக எவரும் உரை காணவில்லை. அக்குறையை இக்கட்டுரை நீக்கும்.

இதன் மூலம் 'மாட்டீரியா' என்னும் லத்தீன் சொல். கட்டடத்துக்கு வெட்டிய மரத்தைக் குறித்தது. 'மாட்டெர்', அதாவது தாய், இதன் வேர் என்பாருமுளர். தாயாய்ப் பிறந்து, மரமாய் நின்று, ஆங்கிலத்தில் துணியாகி, நம்மூர்க் கடையில் இரண்டாம் மாடி ஏறியிருக்கிறது.

தமிழர் வழக்கம் வேறு; வெட்டைப் பார்த்துத்தான் பெயர் வைப்பார்கள். துணித்தது துணி, துண்டித்தது துண்டு, அறுத்தது அறுவை. சங்கப் புலவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் விற்றது துணி. இன்று நாம் அலறும் 'அறுவை' அன்று என்பதற்கு அவர் பாடல்களே சான்று.

இனிக் கள ஆய்வு. "மெட்டீரியல் இன்னும் இறங்கலைங்க" என்கிறார் கொத்தனார். மணல், ஜல்லி, சிமென்ட். "குரூப் ஃபோர் மெட்டீரியல் இருக்கா?" என்கிறான் பக்கத்து வீட்டுப் பையன், நானூறு பக்க பிடிஎஃப். கட்டாத வீடு, படிக்காத பாடம், தைக்காத துணி. ஆக, காசு போய், வேலை மட்டும் பாக்கி நிற்பது எதுவோ அது மெட்டீரியல். விதிவிலக்கு நீதிமன்றம். அங்கே அரிவாளுக்கு 'மெட்டீரியல் ஆப்ஜெக்ட் 1' என்று எண் போடுவார்கள். அதன் வேலை முன்பே முடிந்துவிட்டது.

தைத்துப் போட்ட சட்டையையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்து "மெட்டீரியல் நல்லாருக்கே" என்கிறார்களே எனின், அடுத்த கேள்வி "எங்க எடுத்தீங்க?" என்பதைக் கவனிக்க. வேலை இனி அவர்க்கு என்க.

போன தீபாவளிக்கு எடுத்த மெட்டீரியலை இந்தத் தீபாவளிக்கு முன் தையல்கார அக்காவிடம் கொடுத்தோம். பிரித்துப் பார்த்தவர், "மெட்டீரியல் சரி, லைனிங் துணி எங்க?" என்றார். சட்டென்று குறிப்பேட்டை எடுத்தேன். இது மெட்டீரியல், அது மட்டும் ஏன் துணி?

"அது மீட்டர் அறுபது ரூபாதான சார்."