நாத்தம் நாணயமானது, பேராண்டி

அத ஏன்டா முதுகுக்குப் பின்னாடி ஒளிக்கிற? காட்டு, நானும் பார்க்கறன். கட்டைவிரல் நீளம், பச்சைக் கலரு, அடியில ஒரு குட்டி விளக்கு. கரண்டுல சொருகினா சார்ஜ் வேற ஏறுமாமே. எங்க காலத்துல பீடிக்கு சார்ஜ் ஏத்தற வழி தெரியாமப் போச்சு. நெருப்பில்லாமப் புகையாதுன்னு சொல்லித் திரிஞ்ச கெழவனுங்க வாயை 2003லயே ஒரு சீனாக்காரரு அடைச்சிட்டாராம். ஹோன் லிக்னு பேரு, மருந்துக் கம்பெனி ஆளு. தான் குடிக்கிற சிகரெட்டை விடறதுக்காக இந்த இ-சிகரெட்டக் கண்டுபுடிச்சாராம். ஐம்பது வயசுக்காரன் முடிக்கறதுக்குச் செஞ்ச சாமான், பதினேழு வயசுல நீ ஆரம்பிக்கறதுக்கு ஆவுது பாரு. கெட்டிக்காரன்டா நீ.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காத. உன் அக்கா அண்ணாமலை யுனிவர்சிட்டில கெமிஸ்ட்ரி படிக்கிறா இல்ல? சாயங்காலம் சிதம்பரம் பஸ்ல வந்து எறங்கறவ, அன்னிக்கு நடந்த பாடத்துல பாதிய எனக்கு நடத்திட்டுத்தான் சோத்துல கை வைக்கிறா. காது கேக்காதுன்னு நெனைச்சு நீ போன்ல பேசறதும் எனக்குக் கேக்குது. அது வேற.

வாசனை இன்னா, மாம்பழமா? பண்ருட்டிப் பலாப்பழத்துல இல்லியா? வித்தவன்கிட்ட சொல்லி வை, அடுத்த லோடுல வரும்.

ஆனா ஒண்ணு கேக்கறன். காசு கொடுத்து வாசனை வாங்கற அளவுக்கு நம்ம ஊருக்கு என்னடா பஞ்சம் வந்துடுச்சு? குடிகாட்டுல பொறந்தவன் நீ. கடலூர்லேர்ந்து சிதம்பரம் போற ரோட்டுல, உப்பனாத்துக்கும் ரோட்டுக்கும் நடுவுல சிப்காட் ரசாயனப் பேட்டை வந்த நாளா நமக்கு ஃப்ளேவர் வீடு தேடி வருது, அதுவும் இனாமா. ராத்திரி காத்து திரும்பினா அழுகின முட்டை. விடியக்காலையில நகப்பூச்சு. நடுவுல ஆஸ்பத்திரி வாடை, செத்த எலி, புளிச்ச மோரு. செம்மங்குப்பத்துக்காரன் ஒரு வாடை சொல்வான், ஈச்சங்காட்டுக்காரன் வேற சொல்வான், ரெண்டும் நெசமா இருக்கும். கண்ணைக் கட்டி ரோட்டுல விட்டாலும் இது எந்த கேட்டுன்னு மூக்காலயே சொல்ற ஆளுங்க இந்தப் பக்கம் இருந்தாங்க.

சும்மா சொல்லல. 2004ல அந்த மூக்கையே மீட்டரா வச்சு நோட்டுப் போட்டு எழுதினாங்கடா. எத்தனை மணிக்கு, காத்து எந்தப் பக்கம், நாத்தம் இன்ன மாதிரி, கண்ணு எரிஞ்சுதா, கொமட்டுச்சான்னு எல்லாம் அதுல இருக்கும். சிப்காட் பகுதி சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்னு பேரு வச்சுக்கிட்டாங்க. அவங்க கையில இருந்த கருவிய நீ பார்த்திருக்கணும். குளிக்கிற பிளாஸ்டிக் வாளிதான். உள்ளுக்குள்ள ஒரு வெத்துப் பை. மூடிய இறுக்கிட்டு வாளிக்குள்ள இருக்கிற காத்தை உறிஞ்சி வெளிய எடுத்தா, அந்தப் பை ஊர்க் காத்த இழுத்துக்கிட்டு உப்பும். உப்பின பைய பார்சல் கட்டி அமெரிக்காவுல இருக்கிற லேபுக்கு அனுப்பினாங்க. நான் மெட்ராஸத் தாண்டினதில்ல. நம்ம ஊர்க் காத்து ஏரோப்ளேன்ல போச்சு.

போன காத்து சும்மா வரல. அந்த வருஷம் செப்டம்பர்ல அறிக்கை வந்துது. 22 ரசாயனம் இருக்கு, அதுல எட்டு புத்துநோய் கொண்டாரதுன்னு அதுல எழுதியிருந்துது. அப்பறம் 2007ல நாக்பூர் நீரி ஆய்வு நிறுவனம் கணக்குப் போட்டு, சிப்காட்டை ஒட்டி இருக்கறவங்களுக்குப் புத்துநோய் ஆபத்து குறைஞ்சது 2000 மடங்கு ஜாஸ்தின்னுது. இம்மாம் சொத்து பரம்பரையா இருக்கறப்ப நீ போய் தனியாக் காசு போட்டு வாங்கறியே, அதத்தான் என்னால தாங்க முடியல.

கம்பெனிக்காரங்க மேல எனக்கு இருக்கிற கோவம் ஊருக்கே தெரியும். ஆனாலும் ஒண்ணு சொல்லணும். அந்த நாத்தம் நாணயமானது. வர்றன்டான்னு சொல்லிட்டு வரும். மூக்கைப் பொத்திக்கிட்டு, புள்ளையத் தூக்கிக்கிட்டு, காத்துக்கு எதிர்ப்பக்கம் ஓடலாம். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுக்கலாம். நாறலன்னா மனுவுல இன்னாத்த எழுதறது?

உன் ஆயா அடுப்படியில இருக்கே சிலிண்டர், அந்த காஸுக்கு சொந்தமா வாடை கெடையாது தெரியுமா? கசிஞ்சா தெரியணும்னு மெர்காப்டன்னு ஒரு கண்றாவிய வேணும்னே கலக்கறான். இந்தப் புத்தி வர்றதுக்கு முன்னாடி ஒரு ஊரு அழிஞ்சுது. 1937 மார்ச்சு, அமெரிக்காவுல டெக்சாஸ் பக்கம் நியூ லண்டன்னு ஒரு ஊரு, அங்க ஒரு பள்ளிக்கூடம். கட்டடத்துக்கு அடியில காஸ் கசிஞ்சு நெரம்பி நின்னுது. வாடை இல்லாததால வாத்தியாருக்கும் தெரியல, புள்ளைங்களுக்கும் தெரியல. ஒரு பொறி போதுமே. முந்நூறு பேர் அளவுக்குப் போயிட்டாங்க, பெரும்பாலும் உன்னவிட சின்னதுங்க. அதுக்கப்பறம்தான் காஸுல நாத்தம் சேர்க்கணும்னு சட்டம் போட்டாங்க. ஊரைக் காப்பாத்த நெனைச்சவன் விஷத்துல நாத்தத்தைக் கலந்தான். உன்ன யாவாரம் பண்ண நெனைச்சவன் மாம்பழத்தைக் கலந்தான். வித்தியாசம் அம்மாந்தான்.

வாசனைதானே, அது இன்னா பண்ணும்ங்கிற? அக்கா அதையும் சொன்னா. மிசௌரி மாகாணம் ஜாஸ்பர்ங்கற ஊர்ல பாப்கார்ன் ஃபேக்டரி. வெண்ணெய் வாசனைக்கு டயசெட்டில்னு ஒண்ணக் கலப்பாங்களாம். தின்னா ஒண்ணும் இல்ல. அந்த ஆவிய நாள் முழுக்க மூச்சுல இழுத்து வேலை பார்த்தவங்களுக்கு நுரையீரல்ல சின்னச் சின்னக் குழாயெல்லாம் தழும்பு கட்டி அடைச்சுக்கிச்சு. எட்டுப் பேரு கதை 2000ல வெளிய வந்துது. அதே டயசெட்டில் உன் மிசினுக்கு ஊத்தற திரவத்துல இருக்கான்னு 2015ல ஹார்வர்டுக்காரங்க பார்த்தாங்க. 51 ஃப்ளேவர் எடுத்ததுல 39ல இருந்துது. அந்தப் பாப்கார்ன் ஃபேக்டரி ஆளுங்களாவது சம்பளம் வாங்கிக்கிட்டு இழுத்தாங்க.

இனி தொண்டைக்கு வா. உன் பெரியப்பன், ரஜினி சிகரெட்டத் தூக்கிப்போட்டு வாயில புடிக்கறதப் பார்த்துட்டு கொல்லையில பீடியத் தூக்கிப்போட்டான். அது வாயில விழல, சட்டப்பையில விழுந்துது. பொத்தல் போன சட்டையோட முதல் இழுப்பு இழுத்தான், இருமின இருமல்ல மல்லாட்டை காய வச்சிருந்த களத்துலேர்ந்து உன் பூட்டன் எழுந்து வந்துட்டாரு. அன்னியோட சரி. அந்த இருமல்தான்டா அவனக் காப்பாத்துச்சு. பொகையிலை உள்ள போறப்ப ஒடம்பு போடற கூச்சல் அது.

உன் சாமான்ல அந்தக் கூச்சலயும் அமுக்கிட்டான். நிகோடினோட பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து உப்பாக்கிட்டா தொண்டை எரியாது, நைசா எறங்கும். ஜூல்னு அமெரிக்காவுல ஒண்ணு 2015ல வந்துது. அந்தக் குப்பி ஒண்ணுல இருக்கிற நிகோடின் இருபது சிகரெட் பாக்கெட் ஒண்ணுக்குச் சமம்னு அந்தக் கம்பெனிக்காரனே சொன்னான். இருபது சிகரெட்ட ஒரே நாள்ல இழுன்னு உன்கிட்ட நீட்டினா வாந்தி எடுத்திருப்ப. இத மிட்டாயா நெனைச்சு சப்பிக்கிட்டுத் திரியற. வாடை கெடையாது, சாம்பல் கெடையாது, இருமல் கெடையாது, சட்டைய மோந்து பார்த்தா உன் அம்மாவுக்கும் ஒண்ணும் புரியாது. காவலுக்கு இருந்த நாய் ஒவ்வொண்ணையும் கட்டிப்போட்டுட்டு வூட்டுக்குள்ள வர்றவனுக்கு எங்க பக்கம் வேற பேரு.

விளம்பரம் பார்த்து நான் வாங்கல தாத்தாங்கிற. சரிதான். உன் போன்ல ஓடற ரீல்ஸ நானும் பார்த்தன். ஒருத்தனும் வாங்குன்னு சொல்லல. ஒரு பையன் பைக் மேல சாஞ்சு வளையம் வளையமா விடறான், பாட்டு ஓடுது, அவ்வளவுதான். வாங்குன்னு சொன்னா நீ வாங்கமாட்டன்னு அவனுக்குத் தெரியும்டா. உன் அப்பன் சொல்ற எதையாவது நீ கேட்டிருக்கியா?

அந்த ஜூல்காரனும் இதத்தான் செஞ்சான். பளபளன்னு கலர், துள்ளற வயசுப் புள்ளைங்க, மாம்பழம், புதினா. கேட்டா, சிகரெட் குடிக்கிற பெரியவங்களுக்காகன்னான். கார்ட்டூன் நெட்வொர்க், நிக்கலோடியன் வெப்சைட்டுலயெல்லாம் விளம்பரம் வாங்கிப் போட்டான்னு மாசசூசெட்ஸ் அரசாங்கம் 2020ல கேஸ் போட்டுது. கார்ட்டூன் பார்க்கிற அறுபது வயசுக்காரங்க அங்க ரொம்பப் பேரு போல. 2019 கணக்குல அமெரிக்க ஹைஸ்கூல் புள்ளைங்க நூத்துக்கு இருபத்தேழு பேருக்கு மேல இத ஊதிக்கிட்டிருந்தாங்க. அதுக்கு முந்தின வருஷம் டிசம்பர்ல மார்ல்பரோ சிகரெட் முதலாளி ஆல்ட்ரியா, 1280 கோடி டாலர் கொடுத்து அந்தக் கம்பெனியில மூணுல ஒரு பங்குக்கு மேல வாங்கிட்டான். சிகரெட்ட ஒழிக்க வந்தவன் கல்யாணத்துக்கு சிகரெட்காரன் எழுதின மொய்யப் பார்த்தியா. 2022ல ஜூல்காரங்க முப்பத்துச் சொச்சம் மாகாணத்தோட 43 கோடியே 85 லட்சம் டாலருக்கு ராஜியானாங்க.

அமெரிக்காவ விடு, இங்க மட்டும் இன்னா? உன் அப்பன் டிவி முன்னாடி பழியாக் கெடந்த 1996 உலகக் கோப்பைக்குப் பேரே வில்ஸ் உலகக் கோப்பை. நம்ம பசங்க போட்ட சட்டையில நெஞ்சுல வில்ஸ். மட்டை பெருசா எழுத்து பெருசான்னு தெரியாது. கோவாவுல பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களக் கேட்டு ஒரு ஆய்வு பண்ணி, அதே வருஷம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல போட்டாங்க. ஆட்டக்காரங்க சிகரெட் குடிக்கிறாங்க, குடிச்சா ஆட்டம் நல்லா வரும்னு நம்பின புள்ளைங்க இழுத்துப் பார்த்திருக்குதுங்க. உன் அப்பன் நம்பினானான்னு நான் சொல்லமாட்டன். அவன் ஆட்டம் நல்லா வரல, அத மட்டும் சொல்வன்.

உன் மிசினு வாங்க முடியாதவனுக்கு கூல் லிப் இருக்கு. உதட்டுக்கு அடியில ஒதுக்கற பொகையிலைப் பொட்டலம், சில்லுனு இருக்கும், பொகையில்ல, வாடையில்ல, வகுப்புல உக்காந்தே ஒதுக்கலாம். பள்ளிக்கூடப் புள்ளைங்க இதுக்கு அடிமையாவறாங்களே, நாடு முழுக்க ஏன் தடை பண்ணக்கூடாதுன்னு மதுரையில ஐகோர்ட்டுக் கிளை 2024ல கேட்டுது. ஏழைக்கு ஒண்ணு, வசதிக்கு ஒண்ணு. யாவாரத்துல அவன் யாரையும் ஒதுக்கறதில்ல, அந்த சமத்துவத்த மெச்சத்தான் வேணும்.

சட்டம் இல்லாமலா? உன் இ-சிகரெட்டுக்கு நம்ம தமிழ்நாட்டுல 2018லயே தடை. நாடு முழுக்க 2019 செப்டம்பர் 18ஆம் தேதி அவசரச் சட்டம், டிசம்பர்ல முழுச் சட்டம். செய்யறது, விக்கறது, கொண்டுவரது, விளம்பரம் பண்றது எல்லாம் குத்தம். முதல் தடவை மாட்டினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயிலு, இல்லன்னா ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் விழலாம். திரும்ப மாட்டினா மூணு வருஷம், அஞ்சு லட்சம். அப்பறமும் 2023 ஜூலையில 15 வெப்சைட்டுக்கு விளம்பரத்தை நிறுத்து, விக்கிறத நிறுத்துன்னு சுகாதார அமைச்சகம் நோட்டீஸ் விட வேண்டியிருந்துது. சாலையில போர்டு வச்சா அதிகாரி கண்ணுல படும். உன் உள்ளங்கையில வச்சா உன்னத் தவிர யார் கண்ணுல படும்? அது விளம்பரம்னு உனக்கே தெரியல, அதிகாரிக்கு எங்க தெரியும்?

வளையம் விட்டா மூணாவது வூட்டுப் பொண்ணு திரும்பிப் பார்ப்பான்னு ஒரு நெனைப்பு உனக்கு. பார்ப்பா. அவ நர்சிங் ரெண்டாவது வருஷம் படிக்கிறா, பேராண்டி. எந்த வார்டுல பெட்டு காலியா இருக்குன்னு யோசிச்சுக்கிட்டே பார்ப்பா.

அழுகின முட்டை நாத்தத்தப் பத்தி ஒண்ணு விட்டுட்டன். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கொஞ்சமா இருந்தா ஊரே நாறும். அளவு ஏறினா மூக்கு நரம்பு மரத்துப் போயி வாடையே தெரியாது. கழிவுத் தொட்டிக்குள்ள எறங்கினவன், நாத்தம் போயிடுச்சுன்னு நெனைச்சு இன்னும் ரெண்டு படி எறங்குவான். அந்த மாதிரி எறங்கி மேல வராதவங்க நம்ம நாட்டுல எத்தனையோ பேரு. அதனால உனக்கு ஒண்ணும் தெரியல, நெனைச்சா விட்டுடுவன்னு நீ சொல்றப்பதான் எனக்கு வயித்தக் கலக்குது.

நெனைச்சா விட்டுடுவியா? இன்னிக்குப் பொழுது சாயற வரைக்கும் அத என் சுருக்குப் பையில போட்டு வை. மத்தியானத்துக்குள்ள ரெண்டு தடவை ஏதாவது சாக்கு சொல்லிக்கிட்டு என்கிட்ட வந்து உக்காந்தீன்னா, விஷயம் மூக்கைத் தாண்டி மூளைக்குப் போயிடுச்சுன்னு அர்த்தம். அப்போ வீம்பு வேணாம். பொகையிலைய விடறதுக்குன்னே மத்திய அரசாங்கம் ஒரு போன் நம்பர் வச்சிருக்கு, கூப்பிட்டா காசு புடிக்காது. 1800-11-2356. எழுதிக்கோ.