போ என்றால் வாங்க

மருத்துவம் படிக்க பிலிப்பைன்ஸின் தாவோ நகருக்குப் போன முதல் நாள் காலை. விடுதிக் காவலாளி பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "குட் மார்னிங் போ" என்றார். வந்து ஒரு ராத்திரிகூட ஆகவில்லை, அதற்குள்ளா என்று பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே 'போ' என்பது நம்ம 'ங்க' மாதிரி மரியாதைச் சொல்லாம்.

சாப்பாட்டுக் கடையில், "காய் மட்டும், கறி வேண்டாம்" என்றேன். கடைக்கார அம்மா பேசாமல் இரண்டு புருவத்தையும் ஒரு ஏற்று ஏற்றினார். முறைக்கிறார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். (அங்கே அதுதான் 'சரி'.) தட்டில் பினக்பெட் வந்தது: கத்தரி, பாகல், வெண்டை, பறங்கி, எல்லாம் நம்ம சொந்தபந்தம். நடுவில் சம்பந்தி மாதிரி உட்கார்ந்திருந்தது பன்றிக்கறித் துண்டு. கேட்டதற்கு, "கொஞ்சம்தானே!"

வகுப்பில் ஒரு பெண் பதற்றமாக, "சி.ஆர். எங்கே?" என்றாள். ஊரில் மூன்று வருஷம் வகுப்புப் பிரதிநிதியாக இருந்த பெருமை சும்மா விடுமா? எழுந்து நின்று, "இன்னும் யாரும் இல்லை. அவசரம் என்றால் என்னையே வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

பிலிப்பைன்ஸில் சி.ஆர். என்றால் கம்ஃபர்ட் ரூம். அதாவது, கழிப்பறை.