தாமிரபரணிப் படுகையில் கோழி அடைப்பு: சில பூர்வாங்கக் குறிப்புகள்

ஆதிச்சநல்லூரை 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது முதுமக்கள் தாழிகளோடு வெண்கல உருவங்களும் கிடைத்தன. வீட்டு வகையில் எருமை, ஆடு, சேவல். காட்டு வகையில் புலி, மான், யானை. தாழியின் வயது, பொன் நெற்றிப்பட்டம், மண்டையோட்டின் அகலம் என்று அறிஞர் பெருமக்கள் நூறாண்டுக்கு மேல் ஆராய்ந்துவிட்டார்கள். அந்தச் சேவலை இராத்திரி யார் அடைத்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. வெண்கலத்தில் வார்த்துவிட்டால் எதுவும் கவ்விக்கொண்டு போகாது என்பதே இப்படுகையில் நமக்குக் கிட்டியுள்ள மிகப் பழைய கோழிப் பாதுகாப்பு முறை என்று இக்கட்டுரை துணிகிறது. முட்டை இடாது என்பது அம்முறையின் ஒரே குறைபாடு.

இலக்கியச் சான்றுக்கு வருவோம். குறுந்தொகை 139ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார் ஒரு காட்சி தருகிறார். மாலை நேரம். வேலியோரம் வெருகு, அதாவது காட்டுப்பூனை. எங்கே புகுவதென்று தெரியாமல் குஞ்சுகள் ஒன்றாய்க் கூடித் தவிக்க, தாய்க்கோழி கத்தி அழைக்கிறது. பரத்தையிடம் போய்வந்த தலைவனுக்குத் தோழி வாயில் மறுக்கும் நயத்தை உரைகாரர்கள் விரித்து விரித்து எழுதினார்கள். அந்தி சாய்ந்த பிறகும் குஞ்சுகள் ஏன் வெளியே நின்றன என்பதுதான் ஆய்வாளன் கேட்க வேண்டிய கேள்வி. தலைவனுக்குக் கதவடைக்கத் தெரிந்த வீட்டில் கோழிக்குக் கதவடைக்க ஆளில்லை.

107ஆம் பாடல் இன்னும் விபரீதம். கணவனோடு துயின்றவளைச் சேவல் கூவி எழுப்பிவிடுகிறது. நள்ளிரவில் எலி தேடும் வெருகுக் குட்டிக்கு நீ பலநாள் இரையாகிப் போ என்று சபிக்கிறாள் மதுரைக் கண்ணனாரின் தலைவி. கூட்டை அடைக்க மறந்தவர்கள் எல்லோரும் உண்மையிலேயே மறந்தவர்கள்தானா என்ற ஐயத்தை இப்பாடல் எழுப்புகிறது. மேற்கொண்டு விசாரிப்பது குடும்ப அமைதிக்கு ஏற்றதன்று.

எதிர்த்தரப்பைப் பற்றிச் சுருக்கமாக. காட்டுப்பூனை இறகு சிந்தவிட்டுப் போகும். சாரையும் நல்ல பாம்பும் முட்டையை முழுசாக விழுங்கி, எண்ணிக்கைக் குறைவைத் தவிர வேறு தடயம் வைக்காது. பெருச்சாளி சிறு குஞ்சோடு நிறுத்திக்கொள்ளும். மரநாய் பனையும் ஏறும், ஓட்டிலும் நடக்கும். பழம் தின்னும் பிராணி என்று அதற்கு நற்சான்று கொடுப்பவர்கள் கோழி வளர்க்காதவர்கள். இவற்றில் மரநாய்க்கும் காட்டுப்பூனைக்கும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. கோழிக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை. திருநெல்வேலியை அடுத்த ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி உண்டு, மரநாய்க்கு இல்லை. மனிதனையும் இப்பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. மாப்பிள்ளை விருந்து பெரும்பாலும் பகலில் நடப்பதால் அது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

கட்டுமானத்தில், பஞ்சாரமும் அதன்மேல் ஒரு கல்லும் என்பது தொல்வடிவம். திண்ணைக்கடியில் மண்கூடு, வாயில் பலகை, பலகைக்கு முட்டுக்கல் என்பது அதன் வளர்ச்சி. முருங்கைக் கிளையில் தானே ஏறி அடையும் கோழிக்குக் காவல் தேவையில்லை என்றொரு கட்சி உண்டு. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, பக்கத்தில் வந்து நின்றாலும் பறக்காது என்ற செய்தி அக்கட்சிக்கு எட்டவில்லை. பிறகு வந்தது கோழிவலை. 1844இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் சார்லஸ் பர்னார்டு என்பவர் துணி நெய்யும் இயந்திரத்தைப் பார்த்துக் கம்பியில் நெய்தது. (ஆற்றங்கரைக் கோரையைப் பட்டுப்போல் பின்னும் பத்தமடைக்காரர்களிடம் யாராவது கம்பியைக் கொடுத்திருந்தால் வரலாறே மாறியிருக்கும்.) அந்த அறுகோணக் கண் கோழியை உள்ளே வைத்திருக்குமே தவிர, வருகிறதை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண் வெல்டு மெஷ்ஷை அடித்து, அடியில் ஓர் அடி அகலத்துக்கு வெளிப்புறமாக மண்ணுக்குள் விரித்துப் புதைத்தால் தோண்டுகிறது தோற்கும், நுழைகிறதில் பெரும்பாலானது தோற்கும்.

அடுத்தது காவல். பாளையக்காரர் காலத்து நெல்லைச் சீமையில் ஊர் காவற்கூலி கொடுக்கும். களவு போனால் காவல்காரர் பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லையேல் ஈடுகட்ட வேண்டும். வீட்டு நாய் இம்முறையின் முதல் பாதியை மட்டும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. தினமும் சோறு வாங்குகிறது. கோழி போனால் ஈடு கட்டியதில்லை. பாபநாசம் பக்கம் மலையடிவாரத்தில் சிறுத்தை வந்து காவல்காரரையே கொண்டுபோய்விடும் இடர்ப்பாடும் உண்டு. சுடலைமாடனிடம் ஒப்படைத்தால் இரவுக் காவலுக்குக் குறைவில்லை. ஆனால் கொடையன்று கூலியைச் சேவலாகவே வாங்கிக்கொள்கிறார். கினிக்கோழி வேற்றாளைக் கண்டால் ஊரைக் கூட்டும். தபால்காரரும் வேற்றாள்தான். வானொலிப் பெட்டியைக் கூட்டின்மேல் பாடவிட்டு வைத்தவர்கள் இருக்கிறார்கள். நிலையம் இரவு நிகழ்ச்சியை முடித்துக்கொண்ட பிறகுதான் மரநாய்க்கு வேலை நேரம் தொடங்குகிறது.

இத்தனையும் கதவு சாத்தியிருந்தால்தான் செல்லும். கோழி சூரியனைப் பார்த்துக் கூட்டுக்குள் போகிறது. திருநெல்வேலியில் நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே பொழுது அடைகிறது; ஜூலையில் ஆறே முக்கால் ஆகிவிடும். அடைக்க வேண்டியவர் பார்ப்பது சுவர்க்கடிகாரத்தையும் தொலைக்காட்சித் தொடரையும். கோழி உள்ளே போனதற்கும் பலகை விழுவதற்கும் நடுவிலுள்ள அந்த நேரத்தில்தான், என் கணிப்பில், படுகையின் பெரும்பாலான மரணங்கள் நிகழ்கின்றன. வெளிநாட்டில் வெளிச்சம் குறைந்தால் தானே மூடும் கதவு விற்கிறார்கள். அது நேரம் தவறாது. ஊர் சுற்றிவிட்டுத் தாமதமாக வரும் சேவலுக்காகக் காத்திருக்கவும் செய்யாது. இங்கே புழக்கத்தில் இருக்கும் கருவி குரல்தான்:

"ஏல, கோழிய அடைச்சியால?"

"அப்பமே அடைச்சாச்சு ஆச்சி."

தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது, தலை திருப்பாமல் சொல்லப்படும் பதில் இது. எந்த வெல்டு மெஷ்ஷும் இதைத் தாங்காது.

மறுநாள் காலை வாசலில் விசாரணைக் கமிஷன் கூடுகிறது. இறகு எண்ணப்படுகிறது, பலகை கிடக்கும் கோணம் பார்க்கப்படுகிறது. பேரன் மாமாவைப் பார்க்கிறான். மாமா நாயைப் பார்க்கிறார். நாய் தெருவைப் பார்க்கிறது. கடைசியில் ஆச்சி தீர்ப்புச் சொல்கிறாள்: கீரி. கீரி பகலில் மேய்ந்து இரவில் பொந்தில் தூங்கும் பிராணி என்பது அங்கே நிற்கும் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் யார் பெயரும் அடிபடாத தீர்ப்பு என்பதால் ஒருவரும் மறுத்துப் பேசுவதில்லை. கீரி இதுவரை மேல்முறையீடு செய்ததில்லை.