பேர் வைத்த பணம்

என் தாத்தா கிள்ளான் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அப்பா ரயில்வேயில் சேர்ந்து பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸுக்குக் குடிவந்தார். நான் மறுபடியும் கிள்ளானுக்கே வந்துவிட்டேன். மூன்று வீட்டிலும் சிக்கனம் இருந்தது. ஆனால் மிச்சம் பிடித்த காசு போய்ச் சேர ஓர் இடம் தாத்தா வீட்டில்தான் இருந்தது.

பாட்டி உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறொரு டின்னில் போட்டுவிடுவார். லயத்துக்குப் பின்னால் முருங்கையும் மரவள்ளியும் பசலையும் நின்றன. அடுப்புக்குக் காய்ந்த கித்தாச் சுள்ளி. கோதுமை மாவுச் சாக்கு வெளுத்துத் தலையணை உறையானது. கெட்டிப்பால் டின் தேநீர்க் குவளையானது. இதையெல்லாம் பொற்காலம் என்று பேச எனக்கு மனம் வராது. அதில் பாதி வறுமை. மீன் வாங்கக் காசில்லாத வீடு மீன் வாங்காமல் இருந்ததை நல்ல பழக்கம் என்று சொல்வது பாவம்.

நான் சொல்ல வருவது மற்ற பாதியை. 1957இல் நாடு சுதந்திரம் அடைந்ததை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். துண்டாடிய தோட்டங்களில் தொழிலாளிக்கு வேலையும் போயிற்று, குடியிருந்த லயமும் போயிற்று. அந்த நேரத்தில்தான், 1960இல், வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி கட்ட வேண்டும். 100 வெள்ளி சேர்ந்தால் ஒரு பங்கு. பங்குப் பணத்தைத் திரட்டித் தொழிலாளிகளே தோட்டம் வாங்குவார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அப்படித்தான் வாங்கினார்கள்.

பால் வெட்டும் கைக்கு 10 வெள்ளி சில நாள் கூலி. பாட்டி எடுத்துவைத்த பிடி அரிசியும் கொல்லைக் கீரையும் அந்தப் பத்தில்தான் போய்ச் சேர்ந்தன. அதற்கு வீட்டில் ‘சங்கத்துப் பணம்’ என்று பேர். காய்ச்சல் வந்தாலும் தீபாவளி வந்தாலும் அதில் யாரும் கைவைத்ததில்லை.

பிரிக்பீல்ட்ஸில் அம்மாவுக்குச் சங்கம் இல்லை. மளிகைக்கடையில் கடன் எழுதும் 555 புத்தகம் இருந்தது. வாங்கியது வரிவரியாகக் கண்ணில் படும். பக்கம் நிறைவதைப் பார்த்தே அம்மா அடுத்த வாரம் எண்ணெயைக் குறைத்துவிடுவார்.

இப்போதைய கதைக்கு வருகிறேன். 2008இல் சிலாங்கூர் அரசு மாதம் 20 கன மீட்டர் தண்ணீரை வீடுகளுக்கு இலவசமாக்கியது. அன்றைய கட்டணம் கன மீட்டருக்கு 57 காசு. 20 கன மீட்டர் புழங்கும் வீட்டுக்கு மாதம் 11 வெள்ளி 40 காசு மிச்சம். 2020 தொடக்கத்தில் சலுகை வசதி குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் என்றானது. அதுவரை ஒரு வீட்டுக்குச் சுமார் 1,600 வெள்ளி மிஞ்சியிருக்கிறது. எங்கள் வரிசையில் விசாரித்தேன். அந்தப் பணம் இங்கே இருக்கிறது என்று ஒரு வீட்டிலும் காட்டத் தெரியவில்லை. அதற்கு யாரும் பேர் வைக்கவில்லை.

மின்சாரத்திலும் மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. 2025 ஜூலையில் கட்டண முறை மாறிய பிறகு, மாதம் 1,000 யூனிட்டுக்குள் புழங்கும் வீட்டுக்கு ஊக்கக் கழிவு உண்டு; குறைவாகப் புழங்கினால் யூனிட்டுக்குக் கிடைக்கும் கழிவு கூடும். ஏர்கோன் விடியும் முன்பே அணையும்படி டைமர் வைப்பது, துணியை வெயிலில் காயப்போடுவது, வேலைக்குச் சோறு கட்டிக்கொண்டு போவது, நகரத்துக்குள் தினமும் ரயிலேறும் பிள்ளைக்கு மாதம் 50 வெள்ளி மை50 பாஸ் எடுத்துக் கொடுப்பது எல்லாம் எவரும் செய்யக்கூடியவை. பலர் செய்கிறார்கள். ஆனால் பகலெல்லாம் இப்படி மிச்சம் பிடித்த பத்து வெள்ளி இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசியில் வரவழைக்கும் சாப்பாட்டின் டெலிவரி கட்டணமாகப் போய்விடுகிறது. கைமாறும் நோட்டும் இல்லை, எழுதிவைத்த வரியும் இல்லை. போனதே தெரிவதில்லை.

பாட்டி காலத்து வறுமை எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். அவர் பணத்துக்குப் பேர் வைத்தாரே, அது நமக்கு வேண்டும். இந்த மாத பில் வந்ததும் போன மாத பில்லைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் எட்டு வெள்ளியானாலும் சரி, அன்றைக்கே பிள்ளை பேரில் உள்ள எஸ்எஸ்பிஎன் கல்விச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுங்கள். கணக்கு இல்லையென்றால் இந்த வாரமே திறந்துவிடுங்கள்.