ஏறிக் காட்டு

சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்க முதலில் மருத்துவச் சான்றிதழ் வேணும். கண், காது, கை, கால் எல்லாம் பார்ப்பார்கள். நியாயம்தான்.

ஊர்காவற்றுறைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணை, போரில் ஒரு காலை இழந்தவர். பின்சில்லுக்கு இரு பக்கமும் துணைச்சில்லு பூட்டிய ஸ்கூட்டியில், பண்ணைப் பாலத்து எதிர்காற்றில் சாரம் படபடக்கப் போவார். "தம்பி, ஓடிக் காட்டுறது சுகம். அலுவலுக்கெண்டு போனால் கந்தோர் மாடிக்கு ஏறிக் காட்டுறதுதான் சோதனை" என்பார். 1996இல் வலது குறைந்தோர் உரிமைக்கான சட்டம் வந்தது. பொதுக் கட்டடங்களுக்குச் சாய்தளம் வேணும் என்று 2006இல் ஒழுங்குவிதியும் வந்தது. அந்தப் படிக்கட்டுக்கு மட்டும் யாரும் வாசித்துக் காட்டவில்லை போலும்.

காரைநகருக்குக் கடக்கிற மிதவைக்கு எங்கள் ஊரில் 'பாதை' என்று பெயர். அதில் ஸ்கூட்டியோடேயே ஏறிவிடுவார், இறங்கவும் தேவையில்லை. நெடுந்தீவுக்கென்றால் கதை வேறு. குறிகட்டுவானில் வண்டியை விட்டுவிட்டு, அலைக்கு ஏறி இறங்குகிற படகு கிட்ட வரும் நேரம் பார்த்து ஒற்றைக்காலில் தாவவேணும். ஊன்றுகோலை முதலில் எறிவார், பிறகு தான்.

அதற்கு மருத்துவச் சான்றிதழ் எதுவும் கேட்பதில்லை.