எல்லாம் பச்சை

குடவாசல் பக்கம் நெல்லை எண் சொல்லித்தான் பேசுவார்கள். குறுவைக்கு ஏ.டி.டி. 43, சம்பாவுக்கு சி.ஆர். 1009. 2020 ஊரடங்குக்குப் பிறகு எண் இல்லாத புது ரகம் ஒன்று இங்கே வேர் பிடித்திருக்கிறது. லேப்டாப்பும் கையுமாகச் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்து, திரும்பிப் போகாமலே இருந்துவிட்ட சர்வர் பிள்ளை.

சாயங்காலம் கோணேஸ்வரர் கோயில் பக்கம் டீக்கடையில் இவரைப் பார்க்கலாம். காதில் ஒயர் தொங்க, "புரொடக்‌ஷன்ல கை வைக்காதீங்க ப்ரோ, முதல்ல ஸ்டேஜிங்ல ஓட்டிப் பாருங்க" என்று பாய்லரைப் பார்த்துச் சொல்வார். டீ மாஸ்டர் ஆற்றுவதை ஒரு நொடி நிறுத்திவிட்டுத் தொடர்வார்.

சர்வர் என்றால் எந்த ஓட்டலில் என்று கேட்ட தலைமுறை போய்விட்டது. இப்போது ஊரில் சர்வர் என்று சொன்ன வாய் 'டவுன்' என்று சேர்த்துச் சொல்லாமல் மூடுவதில்லை. எந்தக் கவுன்ட்டரில் நின்று வெறுங்கையோடு திரும்பினாலும் பெரியவர்கள் நேரே இவர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருகிறார்கள். "ஏன் தம்பி, சர்வர் டவுனாமே. வீட்டுலதான இருக்கே, கொஞ்சம் பாக்கப்படாதா?"

இவர் பார்ப்பதோ மும்பையிலும் சிங்கப்பூரிலும் கிடக்கிற 300 சர்வர். எதில் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு இருக்க வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதிவிட்டால் போதும். அன்சிபிள் என்ற கருவி ஒவ்வொன்றுக்குள்ளும் போய்ப் பார்க்கும். இல்லையென்றால் போடும், இருந்தால் தொடாமல் திரும்பிவிடும். 'வாங்கி வா' என்பது அதன் பாஷையில் கிடையாது, 'இருக்கணும்' மட்டும்தான். அந்த பாஷை அடுக்களைக்குள் நுழைந்ததுதான் வம்பு. துவரம்பருப்பு வாங்கி வரச்சொன்னால், இவர் முதலில் டப்பாவைத் திறந்து பார்ப்பார். அடியில் பத்துப் பருப்பு கிடக்கும். "இருக்கும்மா" என்று மூடி வைத்துவிட்டு நாற்காலிக்குப் போய்விடுவார்.

அப்பாவுக்கு ஒருநாள் இந்தக் கருவிகளின் வரலாறே சொன்னார். 1993-ல் ஆஸ்லோவில் மார்க் பர்ஜஸ் எழுதிய சிஎஃப்என்ஜின், 2005-ல் பப்பெட், 2012-ல் அன்சிபிள். அப்பா கொட்டாவி விட்டார். "அன்சிபிள்னா நாமளா போய்த் தள்ளணும்ப்பா. பப்பெட்ல சர்வர் ஒவ்வொண்ணும் அரை மணிக்கு ஒரு தடவை அதுவா வந்து கேட்டு வாங்கிக்கும்." கொட்டாவி பாதியில் நின்றது.

"கேட்டா குடுத்துடுவாங்களா?"

"குடுத்துடும்."

"கடைமடைக்கும்?"

"எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதாம்ப்பா."

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்த சேதியைப் பேப்பரில் படித்துவிட்டு, வறண்ட வாய்க்காலைப் பார்த்தபடி நாள் எண்ணிய மனிதர் அவர். "அத விட்டுட்டு இத ஏண்டா வச்சிருக்கே?" என்றார். பிள்ளையிடம் பதில் இல்லை.

கோப்பு எழுதுவது யாம்ல் என்ற முறையில். அதில் இடைவெளிதான் இலக்கணம்; ஒரு வரி ஒரு எழுத்து விலகினாலும் மொத்தமும் படுத்துவிடும். ஒருநாள் இரண்டு மணி நேரம் திரையை முறைத்துக்கொண்டிருந்தார். பின்னால் காபி டம்ளரோடு வந்து நின்ற அப்பா, ராஜராஜன் 1000 என்று பெயர் வைத்த ஒற்றை நாற்று நடவில் 22.5 சென்டிமீட்டருக்குக் கோடு போட்டு நட்டவர். "கீழேர்ந்து நாலாவது மட்டும் வரப்புல ஏறி நிக்குதே" என்றார். நின்றுதான் இருந்தது. அலுவலகக் கூட்டத்தில் இதைச் சொல்லும்போது 'ரிவ்யூவில் பிடிபட்டது' என்று மட்டும் சொல்லிக்கொண்டார்.

2024 மார்ச் 29 ராத்திரி வந்ததுதான் பெரிய சோதனை. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் புதுப் பதிப்புகளில் யாரோ கள்ள வாசல் வைத்திருந்தார்கள். எஸ்எஸ்எச் வழியே சர்வருக்குள் நுழைய அரை வினாடி இழுக்கிறதே என்று குடைந்த ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்பவர் கண்டுபிடித்துச் சொல்ல, உலகத்து சர்வர் பிள்ளைகளெல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள். நம்மவரும்தான். ஆனால் இவர் கோப்பில் 'லேட்டஸ்ட்' என்று எங்கேயும் எழுதுகிறவர் இல்லை. புது விதை வந்தால் ஒரு மாவில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்ற நிலத்துக்கு என்கிற வீட்டில் வளர்ந்த பழக்கம். எல்லாவற்றிலும் பழைய பதிப்பேதான். நம்பாமல் மறுபடி ஓட்டினார். விடிய விடிய ஓட்டினார்.

காலையில் உளுந்து பறிக்க ஆள் தேடிக் கிளம்பிய அப்பா எட்டிப் பார்த்தார். "ராத்திரி பூரா என்னடா பண்ணினே?"

"ஒண்ணும் மாறலப்பா."

"அதுக்கா முழிச்சே?"

திரையைக் காட்டினார். மேலிருந்து கீழ்வரை பச்சை வரி. "பச்சைன்னா சரியா இருக்குன்னு அர்த்தம். மஞ்சள் வந்தா ஏதோ மாறிடுச்சுன்னு. மஞ்சளப் பாத்தாலே எனக்கு வயித்தக் கலக்கும்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பச்சையாவே நின்னா எப்படா அறுக்கிறது?"