காலி நிலம் கண்டுபிடிப்பது எப்படி?

திட்ட அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். மேலதிகாரி திருவள்ளூர் மாவட்ட வரைபடத்தை மேசையில் விரித்து, "தொழில் வளர்ச்சிக்கு நிலம் பார்த்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார். பயப்படாதீர்கள். இந்த வேலைக்கு நிலத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை.

சொல்லப்போனால், பார்க்கக் கூடாது. ஊருக்குப் போனால் ஆடு நிற்கும். ஆட்டுக்குப் பின்னால் ஒரு பாட்டி நிற்பாள். "யாருப்பா நீ, எந்த ஊரு, சாப்ட்டியா?" என்று கேட்டு மோர் கொடுப்பாள். அந்த மோரைக் குடித்துவிட்டு வந்து 'இங்கே யாரும் இல்லை' என்று அறிக்கை எழுதக் கொஞ்சம் கை நடுங்கும். எனவே ஏசி அறையிலேயே இருந்துகொண்டு கிராமக் கணக்கைப் புரட்டுங்கள். பட்டா நிலம் தொல்லை. சொந்தக்காரன் விலை கேட்பான், கோர்ட்டுக்குப் போவான். நீங்கள் தேட வேண்டியவை புறம்போக்கு, தரிசு, மேய்க்கால், அனாதீனம். ஊரே புழங்கும் நிலம் என்றால் கணக்கில் அதற்கு ஒருத்தர் பெயரும் இருக்காது. பெயர் இல்லையென்றால் காலி. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இந்தச் சொற்களை வருவாய்த் துறை பத்திரமாகக் காப்பாற்றி வருவது உங்களுக்காகத்தான்.

செய்முறை விளக்கத்துக்குக் கும்மிடிப்பூண்டி தாலுகா தேர்வாய்கண்டிகையைப் பாருங்கள். 1,100 ஏக்கருக்கு மேல் மேய்க்கால். தலித் மக்கள் பெருவாரியாக வாழும் ஊர். ஆடு மாடு, விறகு, மூலிகை எல்லாம் அங்கிருந்துதான். சிப்காட் பூங்காவுக்கு அந்த நிலம் போனது. 2009-ல் பிரான்சின் மிச்செலின் டயர் கம்பெனி வருவதாக ஒப்பந்தம் ஆனது. ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள், நீதிமன்றம் போனார்கள், கடைசியில் 2012-ல் பிரெஞ்சு அமைப்புகளின் துணையோடு பாரிஸ் வரைக்கும் புகார் போனது. மேய்க்கால் பிரச்சினையை விசாரிக்கப் பாரிஸில் ஒரு அலுவலகம் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். 2013-ல் கம்பெனி மீது விதிமீறல் இல்லை என்று முடிவு வந்தது, கூடவே சில பரிந்துரைகள். ஆலையில் டயர் உருள்கிறது.

அடுத்தது கருத்துக்கேட்புக் கூட்டம். 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி முப்பது நாள் முன்னால் தெரிவிக்க வேண்டும். அதிலேயே உங்களுக்கு நல்லதும் இருக்கிறது. தலையணை தடிமனுள்ள அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கலாம். சுருக்கத்தை மட்டும் தமிழில் தந்தால் போதும். பெரிய கல்யாண மண்டபமாகப் பிடியுங்கள், தண்ணீர் பாட்டிலில் கஞ்சத்தனம் வேண்டாம். நிலத்தடி நீரைப் பற்றிக் கேட்டால் வேலைவாய்ப்பைச் சொல்லுங்கள். வேலைவாய்ப்பைப் பற்றிக் கேட்டால் சாலை வசதியைச் சொல்லுங்கள். (ஷிஃப்ட் விடும் நேரத்தில் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு யாரையும் கூட்டிப் போக வேண்டாம். ஒடியாவும் இந்தியும் காதில் விழும். உள்ளூர்ப் பையன்கள் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள்.) கூட்டமே வேண்டாமென்றால் முதலில் தொழிற்பேட்டைக்கு மொத்தமாக அனுமதி வாங்கிவிடுங்கள். அப்புறம் உள்ளே வரும் ஆலைகளுக்குத் தனித்தனியாக ஊரைக் கூட்டத் தேவையில்லை.

சட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 2013-ல் மத்திய அரசு சமூகத் தாக்க மதிப்பீடு, ஒப்புதல் என்றெல்லாம் ஒரு நில எடுப்புச் சட்டம் போட்டது. நம்மிடம் அதற்கு முந்தைய 1997-ன் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம் இருந்தது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் அதற்கு உயிர் கொடுத்தது; அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'புத்துயிர்' இருக்கிறது. 2021-ல் உச்ச நீதிமன்றமும் சரி என்றுவிட்டது.

திருவள்ளூரில் எங்கே கோடு போட்டாலும் ஏரி குறுக்கே வரும். வரத்துக் கால்வாய், கலங்கல், மதகு என்று வரைபடம் முழுக்க நீலம். அதற்கும் மருந்து உண்டு: 2023-ன் நில ஒருங்கிணைப்புச் சட்டம். நூறு ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டமென்றால், உள்ளே நீர்நிலை இருந்தாலும் நிலத்தைச் சேர்த்துக் கொடுக்க வழி செய்கிறது. 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேறியது. அதே நாளில் பன்னிரண்டு மணி நேர வேலை மசோதாவும் வந்ததால் நாடு முழுக்க அதைப் பார்த்துக் கொதித்தது. இது பக்கத்து வாசல் வழியாகப் போய்விட்டது. ஒரு நல்ல திட்டக்காரனுக்கு நாள் பார்க்கத் தெரிய வேண்டும்.

எல்லா ஏரிக்கும் அந்த மருந்து வேண்டியதில்லை. கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய்கண்டிகை ஏரியையும் இணைத்து, விவசாயிகளிடம் நிலம் எடுத்து, 380 கோடி ரூபாயில் ஒரு நீர்த்தேக்கம் கட்டினார்கள். 2020 நவம்பரில் திறந்தார்கள். கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. தண்ணீர் சென்னைக்கு. மேய்க்கால் டயருக்குப் போன அதே ஊர்தான். ஒரே ஊரில் இரண்டு பாடம் கிடைப்பது அபூர்வம், குறித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இனி வேலை குறையாது. 2022-ல் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. திருவள்ளூருக்கென்று தனிப் புதுநகர் வளர்ச்சித் திட்டம் வேறு.

இந்தக் குறிப்பு தவறிப்போய் ஊர்க்காரர் யார் கையிலாவது கிடைத்தால் அவருக்கும் ஒரு வார்த்தை: உங்கள் ஊர் மேய்க்காலின் சர்வே எண்ணை விஏஓவிடம் இன்றைக்கே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.